பட்டியலை மனப்பாடம் செய்யாதீர்கள்!

நான் ராமநாதபுரத்தில் தமிழ் மீடியத்தில் படித்தவன். ஆங்கிலத்தில் அசத்த வேண்டும் என்ற ஆசையில் தினமும் வார்த்தைப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்தேன். ‘நொட்டோரியஸ் என்றால் பேர்போன’ என்று படித்திருந்தேன். ஒரு வேலைக்கு அனுப்பிய சுயகுறிப்பில் ‘நொட்டோரியஸ் ராமேஸ்வரம் கோயிலுக்கு அருகில் வசிக்கிறேன்’ என்று எழுதிவிட்டேன். நேர்முகத் தேர்வில் சிரித்தார்கள். கெட்ட பெயர் எடுத்தவற்றுக்குத்தான் அந்த வார்த்தை என்று அன்றுதான் தெரிந்தது. வேலையும் போனது.

நம் கடற்கரை வார்த்தை ஒன்றையே பாருங்கள். கட்டுமரம்தான் ஆங்கிலத்தில் ‘கேட்டமரான்’ ஆனது. ஆனால் இன்று அது பெரும்பாலும் இரட்டை அடிப்பாகம் கொண்ட படகைக் குறிக்கிறது. எனவே வார்த்தையை அது வரும் வாக்கியத்தோடு படிக்க வேண்டும்.

ராமேஸ்வரத்தில் பிறந்து, ராமநாதபுரம் ஸ்வார்ட்ஸ் பள்ளியில் படித்த அப்துல் கலாம், 1953-ல் சென்னை மூர் மார்க்கெட்டில் ‘லைட் ஃப்ரம் மெனி லேம்ப்ஸ்’ என்ற பழைய புத்தகத்தை வாங்கினார். பல ஆண்டுகள் அதைத் திரும்பத் திரும்பப் படித்தார். நமக்கும் அதுவே வழி. உதவிக்குக் கம்ப்யூட்டர் இருக்கிறது.

வேர்ட்வெப்: இந்த டிக்‌ஷனரி சாப்ட்வேரின் இலவசப் பதிப்பை விண்டோஸில் நிறுவுங்கள். இன்டர்நெட் இணைப்பு இல்லாமலும் இயங்கும். படிக்கும்போது புரியாத வார்த்தையின் மீது கர்சரை வைத்து, கன்ட்ரோல் கீயை அழுத்தியபடி ரைட் கிளிக் செய்தால் பொருள் கிடைக்கும். அதனுடன் தரப்படும் எடுத்துக்காட்டையும் படியுங்கள்.

அங்கி: படித்தது மிக வேகமாக மறந்துபோகும் என்பதை ஜெர்மானிய உளவியலாளர் எபிங்ஹாஸ் 1885-லேயே காட்டினார். அதற்கு மருந்து, இடைவெளி விட்டுத் திரும்பப் படிப்பது. 2006-ல் வெளிவந்த அங்கி என்ற இலவச சாப்ட்வேர் இதைக் கவனித்துக்கொள்கிறது. ‘ஆட்’ கிளிக் செய்து, கார்டின் முன்பக்கத்தில் நீங்கள் படித்த வாக்கியத்தை, அந்த வார்த்தைக்குப் பதில் கோடிட்டு டைப் செய்யுங்கள். பின்பக்கத்தில் வார்த்தையும் தமிழ்ப் பொருளும் இருக்கட்டும். என் முதல் கார்டு: ‘அவன் ஒரு ____ ஸ்மக்ளர்.’ பின்பக்கத்தில் என்ன என்று சொல்லவும் வேண்டுமா?

விடை மறந்திருந்தால் ‘அகெய்ன்’, நினைவிருந்தால் ‘குட்’ பட்டனை அழுத்துங்கள். நினைவிருக்கும் கார்டு சில நாட்கள் கழித்தும், பிறகு சில வாரங்கள் கழித்தும் வரும்.

மாறுதல் எதுவும் செய்யாவிட்டால் அங்கி நாளொன்றுக்கு 20 புதிய கார்டுகள் தரும். ஆப்ஷன்ஸ் பகுதியில் அதை 5 ஆகக் குறைத்துவிடுங்கள். தினம் 5 என்றால் ஆண்டுக்கு 1825 வார்த்தைகள். பாதி மனதில் நின்றாலும் லாபம்தானே!