பூ பொன்னாகும் நாளில் கூலி ஏன் குறைகிறது?

மார்கழியில் மதுரை மல்லிகையின் விலை ஏறும்போதெல்லாம் விவசாயிகள் மகிழ்ச்சி என்று செய்திகள் வருகின்றன. பூப்பறிக்கும் பெண்களின் கணக்கு வேறு என்பதை நாம் பேசியாக வேண்டும்.

குளிரில் செடி மொட்டு வைப்பது குறைகிறது. விலையேற்றத்திற்கு முதன்மைக் காரணம் அதுவே. பறிப்பவருக்கோ பெரும்பாலும் கிலோக் கணக்கில்தான் கூலி. மொட்டு அருகினால் எடை குறையும். எடை குறைந்தால் கூலியும் குறையும். சந்தையில் பூ பொன்னாகும் நாட்களிலேயே அவருடைய வருமானம் சுருங்குகிறது.

விவசாயிக்கும் முழுப் பயன் கிட்டுவதில்லை. மொட்டு விரியுமுன் பூ சந்தை சேர வேண்டும். முன்பணம் கொடுத்த கமிஷன் கடைக்கே அதைப் போட வேண்டும். 2013இல் கிடைத்த புவிசார் குறியீடு பூவின் பெயரைக் காக்கிறது. பறிக்கும் கைகளைப் பற்றி அது பேசுவதில்லை.

அந்தக் கைகளில் தலித் பெண்களுடையவை பல. 1892ஆம் ஆண்டின் அரசாணைப்படி ஒடுக்கப்பட்டோருக்கு வழங்கப்பட்ட பஞ்சமி நிலங்களில் பெரும்பகுதி கைமாறிப்போனது. நிலமற்றவர் பூந்தோட்டத்திற்குள் கூலியாகவே நுழைய முடிகிறது.

தாட்கோவின் 'நன்னிலம்' திட்டம், ஆதிதிராவிட மகளிர் விவசாய நிலம் வாங்க 50 விழுக்காடு, அதிகபட்சம் 5 லட்சம் ரூபாய் மானியம் அளிக்கிறது. இது வரவேற்கத்தக்கதே. ஆயினும் நிலம் மட்டும் கிடைத்து நடைமுறை மூலதனம் கிடைக்காவிட்டால், புதிய உரிமையாளரும் அதே கமிஷன் கடையில்தான் முன்பணத்திற்கு நிற்பார். எனவே நிலத்தோடு குறைந்த வட்டிக் கடனும், பறிப்பவருக்கு எடையைச் சாராத குறைந்தபட்ச நாட்கூலியும் வேண்டும் என்கிறோம்.