ஈரக்காற்றில் ஒரு தோல் பெல்ட்

கைலிக்கு மேல் கட்டும் அகலமான பெல்ட், பணம் வைக்க அதில் தைத்த பைகள், பித்தளைக் கொக்கி. ஜொகூரில் பல தமிழ்க் குடும்பங்களின் அலமாரியில் தாத்தா காலத்துப் பெல்ட் இப்படி ஒன்று கிடக்கும். வெள்ளையாகப் பூத்திருக்கும், கொக்கியைச் சுற்றிப் பச்சைக் களிம்பு படிந்திருக்கும். குப்பையில் போட வேண்டியதில்லை. தோலின் இயல்பு தெரிந்தால் வீட்டிலேயே மீட்கலாம்.

தோல் என்பது கொலாஜன் என்னும் புரத இழைகளின் பின்னல். பதனிடாத தோல் காய்ந்தால் விறைக்கும், நனைந்தால் அழுகும். ஆவாரம்பட்டை, கடுக்காய் ஆகியவற்றில் உள்ள துவர்ப்புப் பொருளான டானின், இழைகளுக்கு நடுவே புகுந்து அவற்றைப் பிணைக்கிறது. அதன்பின் கிருமிகளால் இழைகளை எளிதில் சிதைக்க முடியாது. 19ஆம் நூற்றாண்டில் சென்னை மாகாணத்தில் இப்படிப் பதனிட்ட தோல் லண்டன் சந்தை வரை போனது. இன்று உலகில் பெரும்பகுதித் தோல் குரோமியம் உப்பில் பதனிடப்படுகிறது. ஆனாலும் விறைப்பாக நிற்க வேண்டிய பெல்ட்டுக்குப் பட்டையில் பதனிட்ட தடித்த தோலே உகந்தது.

முதலில் பெல்ட்டின் ஓரத்தைப் பாருங்கள். நார்நாராகத் தெரிந்தால் அசல் தோல். துணிமேல் ஒட்டிய மெல்லிய படலம் செதில் செதிலாக உரிந்தால் அது பாலியூரித்தேன். காற்றின் ஈரமே அதன் வேதிப் பிணைப்புகளை அறுத்துவிடும். அதை மீட்க வழியில்லை.

குளிர்நாட்டுக் கையேடுகள் தோல் வறண்டுவிடும் என்று அஞ்சி, எண்ணெயைத் தாராளமாகத் தடவச் சொல்கின்றன. ஜொகூரில் காற்றின் சராசரி ஈரப்பதமே 80 விழுக்காட்டை ஒட்டி இருக்கிறது. 70 விழுக்காட்டைத் தாண்டினாலே பூஞ்சணம் தழைக்கும், கூடுதல் எண்ணெய் அதற்குத் தீனியாகும். இங்கே தோலுக்கு எதிரி வறட்சியன்று, புழுக்கம்தான்.

வெள்ளைப் பூச்செல்லாம் பூஞ்சணமும் அல்ல. முடி உலர்த்தியின் இளஞ்சூட்டைக் காட்டினால் உருகி மறைவது, தோலுக்குள்ளிருந்து வெளியேறிய கொழுப்பு. அதைத் துணியால் துடைத்தால் போதும். உருகாமல் நின்றால் பூஞ்சணம். முகக்கவசம் அணிந்து, வீட்டுக்கு வெளியே வைத்து மென்மையான தூரிகையால் தட்டிவிட்டு, ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் லேசாகத் துடைக்க வேண்டும். சாயம் போகிறதா என்று முதலில் உட்புற மூலையில் சோதித்துக்கொள்ளுங்கள்.

பித்தளையில் உள்ள செம்பும் தோலின் கொழுப்பு அமிலமும் சேர்ந்தே அந்தப் பச்சைக் களிம்பு உருவாகிறது. பல் குத்தும் குச்சியால் சுரண்டினால் மெழுகுபோல் திரண்டு வரும்.

அடுத்து, சேணத்துக்குப் போடும் சோப்பின் நுரையால் அழுக்கை எடுத்து, நிழலில் ஓரிரு நாள் உலர்த்துங்கள். ஜொகூரின் கோத்தா திங்கியை 2006, 2007இல் மூழ்கடித்ததுபோன்ற வெள்ளத்தில் நனைந்த தோலுக்கும் இதே விதிதான். நனைந்த நிலையில் கடும் சூடு பட்டால் கொலாஜன் இழைகள் சுருங்கிவிடும், மறுபடி நீளாது. உலர்ந்தபின் ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கும் லனோலின் கலந்த களிம்பை விரல் நுனியளவு தேய்த்தால் இழைகள் வழுக்கி வளையும்.

அறுந்த தையலுக்கு ஒரே நூலின் இரு முனையிலும் ஊசி கோத்து, ஒவ்வொரு பழைய துளையிலும் இரண்டையும் எதிரெதிராகச் செலுத்துங்கள். நூலுக்குத் தேன்மெழுகு பூசுவது அவசியம். இத்தையலில் ஓரிடம் அறுந்தாலும் மறுபக்க நூல் பிடித்துக்கொள்ளும். புதுத்துளை போட்டால் தோல் பலவீனமாகும்.

தொட்டால் செந்தூளாக உதிரும் தோலைப் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது. அமிலம் அதன் இழைகளையே தின்றிருக்கும். விரிசலும் மீண்டும் ஒட்டாது, பரவாமல் தடுக்கத்தான் முடியும். எனவே புதிதாக்கும் ஆசையில் சாயம் பூசாதீர்கள், தாத்தாவின் இடுப்பு வளைத்த வளைவு அப்படியே இருக்கட்டும்.

பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் பூஞ்சணம் திரும்பி வரும். காற்றோட்டமான இடத்தில் தொங்கவிடுங்கள், விசேஷ நாள்களில் பேரப்பிள்ளைகள் கட்டிக்கொள்ளட்டும். நம் ஊர்க் காற்றில், பூட்டி வைத்த பெல்ட்டைவிட எடுத்துக் கட்டும் பெல்ட்டே நீண்ட காலம் நிற்கும்.