கரையோர மண் – 7: அடுப்பேறிய ஊர்

கோல்ஃப் ஜுவான் ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் நாலு எட்டில் கடல். 1815 மார்ச் 1-ஆம் தேதி, எல்பா தீவிலிருந்து தப்பி வந்த நெப்போலியன் கரையேறியது இங்கேதான். மேற்கே கான், கிழக்கே ஆன்டீப். திரைப்பட விழாவுக்கும் உல்லாசப் படகுகளுக்கும் பேர்போன பிரெஞ்சுக் கரை. நான் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மேட்டுச் சாலையில் நடந்தேன். இரண்டு கிலோமீட்டர் ஏறினால் குன்றுகளின் மடியில் வாலோரிஸ். மேலே சூளை, கீழே துறை. இங்கே சுட்ட மண்பாண்டங்களை அங்கே இறக்கிக் கப்பலேற்றினார்கள்.

வாலோரிஸ் என்றால் உலகத்துக்கு பிக்காசோ ஞாபகம் வரும். ஆனால் பிக்காசோ வருவதற்குப் பல தலைமுறைகளுக்கு முன்பே இந்த ஊர் மண்சட்டியாகத் தெற்கு பிரான்ஸின் அடுப்புகளில் ஏறி உட்கார்ந்துவிட்டது. நான் பார்க்க வந்தது அந்தச் சட்டியை.

பழைய ஊருக்குள் நுழைந்ததும் ஒரு வித்தியாசம் தெரிந்தது. இந்தப் பக்கத்து மலையூர்களில் தெருக்கள் நத்தைக்கூடு மாதிரி சுற்றிச் சுற்றிப் போகும். இங்கே நூல் பிடித்தாற்போல் நேராக ஓடி, நேராக வெட்டிக்கொள்கின்றன. 14-ஆம் நூற்றாண்டில் கொள்ளைநோயும் சண்டையும் ஊரைக் காலி செய்துவிட்டிருந்தன. நிலம், கரைக்கு எதிரே உள்ள லெரான் தீவு மடத்துக்குச் சொந்தம். 1501-இல் மடத்துத் துறவிகள் ஜெனோவா பக்கத்துக் கரையிலிருந்து சுமார் 70 குடும்பங்களை வரவழைத்துக் குடிவைத்தார்கள். மனை அளந்து கொடுத்த ஊர். அதனால்தான் தெருவும் அளந்த தெரு. குடியேறிகளின் சந்ததியினர் கையில் குயத்தொழில் வளர்ந்தது. பக்கத்து ஊரான பியோவிலும் இதே போலத்தான் இத்தாலியக் குடிகள் வந்தார்கள். அவர்கள் எண்ணெய் ஊற்றிவைக்கும் பெரிய சாடிகளைச் செய்தார்கள். வாலோரிஸ் சமையல் சட்டியை எடுத்துக்கொண்டது.

காரணம் மண். நேரடித் தீயில் வைத்தால் எல்லாக் களிமண்ணும் தாங்காது, படீரென்று விரிசல் விடும். இங்கே கிடைக்கும் மண் தாங்கும். அந்த மண்ணில் வனைந்த வயிறு பெருத்த சட்டிக்கு ‘பீஞாட்’ என்று பெயர். நீளக் கைப்பிடி வைத்த வாணலி ‘புவாலோன்’. மாட்டிறைச்சியைத் திராட்சை மதுவில் மணிக்கணக்காக வேகவைக்கும் ‘தோப்’ குழம்புக்குத் தனிச் சட்டி. உள்பக்கம் மட்டும் மஞ்சளாகவோ தேன் நிறத்திலோ கண்ணாடி மெருகு, வெளியே வெறும் மண். தீ படுகிற பக்கத்துக்கு அலங்காரம் எதற்கு? 19-ஆம் நூற்றாண்டில் கிளெமான் மாசியே என்பவர் உலோகப் பளபளப்பு மின்னும் அலங்காரப் பூச்சாடிகளைச் செய்து பேர் வாங்கினார். இருந்தாலும் ஊருக்குச் சோறு போட்டது சட்டிதான்.

பிறகு அலுமினியம் வந்தது. எடை குறைவு, விழுந்தால் உடையாது, விலையும் மலிவு. இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியிலேயே சூளைகள் ஒவ்வொன்றாக அணைய ஆரம்பித்தன.

அந்த நேரத்தில்தான், 1946 கோடையில், பிக்காசோ இங்கே நடந்த மண்பாண்டக் கண்காட்சிக்கு வந்தார். ஆரஞ்சுப் பூ விவசாயிகளின் கூட்டுறவுச் சங்கக் கட்டடத்தில் நடந்த கண்காட்சி அது. அங்கே சூசான், ஜார்ஜ் ராமியே தம்பதியைச் சந்தித்து, அவர்களுடைய ‘மதூரா’ பட்டறைக்குப் போய், விளையாட்டாகச் சில உருவங்களைப் பிடித்துவைத்துவிட்டுப் போனார். அடுத்த கோடையில் திரும்பி வந்தபோது அவை சுட்டுப் பத்திரமாகக் காத்திருந்தன. அவ்வளவுதான், மனிதர் மண்ணைப் பிடித்துக்கொண்டார். 1948 முதல் 1955 வரை இந்த ஊர்வாசி. மதூராவில் சக்கரம் சுற்றியவர் ஜூல் அகார் என்ற குயவர். அவர் வனைந்து இறக்கிய பச்சைக் குடத்தை, ஈரம் காய்வதற்குள் பிக்காசோ கழுத்தை வளைத்து, இடுப்பை அழுத்தி, பெண்ணாகவோ புறாவாகவோ மாற்றிவிடுவார். எனக்கு அகாரின் கைதான் மனதில் நிற்கிறது. சுவர் எல்லா இடத்திலும் ஒரே கனத்தில் எழும்பியிருந்தால்தான் அப்படி வளைக்க முடியும். இல்லையென்றால் குடம் கிழிந்துபோகும்.

குயவர் கையின் அருமை பிக்காசோவுக்கும் தெரிந்திருக்க வேண்டும். உடைந்த சட்டிச் சில்லுகளைப் பொறுக்கி அவற்றின் மேல் முகங்கள் வரைந்தவர் அவர். பழைய வாசனைத் திரவியத் தொழிற்சாலை ஒன்றை வாங்கி அதைத் தன் பட்டறை ஆக்கிக்கொண்டார். பக்கத்திலேயே குயவர்கள் கழிவைக் கொட்டும் இடம். 1950-இல் அவர் செய்த ‘ஆடு’ சிற்பத்தில் பாதி உடம்பு அங்கிருந்து வந்ததுதான். விலாவுக்கு ஒரு பழைய பிரம்புக்கூடை, முதுகுக்கு ஈச்ச மட்டை, மடிக்கு இரண்டு மண்பாண்டங்கள். அதன் வெண்கல வார்ப்பு இன்று நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் நிற்கிறது. பால் சுரக்கும் இடத்தில் இருப்பது யாரோ ஒரு வாலோரிஸ் குயவர் கைவிட்ட பாண்டம். அவர் பேர் எந்தச் சுவரிலும் எழுதப்படவில்லை. இதை யோசித்தபடியே வெகுநேரம் நடந்தேன்.

சந்தைத் திடலில் பிக்காசோ ஊருக்குக் கொடுத்த வெண்கலச் சிலை, ஆட்டைத் தூக்கி நிற்கும் மனிதன். 1950 முதல் இங்கேயே நிற்கிறது. கோட்டைக்குள் இருக்கும் பழைய தேவாலயத்துக்குள் போனால், வளைந்த கூரை முழுக்க அவர் 1952-இல் தீட்டிய ‘போரும் அமைதியும்’. ஒரு பக்கம் புத்தகங்களை மிதித்துக்கொண்டு போகும் கறுப்புக் குதிரைகள். மறுபக்கம் சிறகு முளைத்த குதிரையை ஏரில் பூட்டி ஓட்டும் குழந்தை. பறவைக் கூண்டுக்குள் மீன்கள், மீன் தொட்டிக்குள் பறவைகள். குகைக்குள் நிற்பது போலிருந்தது. வெளியே வந்து வெயிலில் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

சாயங்காலம், பெரிய தெருவைவிட்டுத் தள்ளி ஒரு சந்தில், திறந்திருந்த பட்டறை ஒன்றைப் பார்த்தேன். பெரிய தெருக் கடைகளில் பெரும்பாலும் சில்வண்டு பொம்மையும் வண்ணத் தட்டும்தான். இங்கே அடுக்கில் புவாலோன்கள். அறுபது வயதிருக்கும் அம்மா ஒருவர் சக்கரத்தில் இருந்தார். “பார்க்கலாமா?” என்றேன். தலையாலேயே உட்காரச் சொன்னார்.

மண் உருண்டையைச் சக்கரத்தில் அறைந்து, இரண்டு கையாலும் நடுவுக்குக் கொண்டுவந்து, கட்டைவிரலை உள்ளே இறக்கினார். அகலமான, தாழ்ந்த சுவர் எழுந்தது. நூலால் அறுத்துப் பலகையில் வைத்தார். அடுத்த உருண்டையில் ஒரு குழல் வனைந்தார், உள்ளே வெற்றிடம் விட்டு. அதுதான் கைப்பிடி. இரண்டும் கொஞ்சம் இறுகும்வரை காத்திருக்க வேண்டும். ஏற்கெனவே இறுகியிருந்த ஒரு ஜோடியை எடுத்து, ஒட்டும் இடத்தைக் கீறி, மண்குழம்பு தடவி அழுத்தினார். பிறகு நனைத்த விரலால் அந்தச் சேர்க்கையைத் திரும்பத் திரும்பத் தடவினார்.

“ஏன் குழலாக இருக்கிறது?” என்று கேட்டேன்.

“கெட்டியாக வைத்தால் சூளையில் வெடிக்கும். வெடிக்காமல் தப்பினாலும், சமைக்கிறவர் கை சுடும்.”

“இப்போது யார் வாங்குகிறார்கள்?”

“வயசானவர்கள் வாங்குவார்கள். இப்போது சின்னப் பிள்ளைகளும் வருகிறார்கள். போன வாரம் ஒரு பெண், பாட்டியின் சட்டி உடைந்துவிட்டது என்று சில்லைக் கொண்டுவந்து காட்டி, இதே அளவில் வேண்டும் என்றாள்.” அலமாரியிலிருந்து அந்தச் சில்லை எடுத்து என் கையில் வைத்தார். வெளிப்பக்கம் கரியேறிக் கறுத்திருந்தது. உள்ளே தேன் நிற மெருகில் கரண்டி உரசிய மெல்லிய கோடுகள், வட்ட வட்டமாக.

சிறியதாக ஒரு புவாலோன் வாங்கினேன். காகிதம் சுற்றிக் கொடுக்கும்போது, “எடுத்தவுடன் பெரிய தீயில் வைக்காதீர்கள்” என்றார். முதலில் ஒரு ராத்திரி தண்ணீரில் ஊற வேண்டும். அடிப்பக்கம் முழுக்கப் பூண்டைத் தேய்க்க வேண்டும். பிறகு பால் ஊற்றி, சின்னத் தீயில் மெள்ளக் காய்ச்ச வேண்டும். “அதற்கப்புறம் அது உங்கள் சட்டி” என்றார்.

விடுதி அறையில் வாளி இல்லை. கைகழுவும் தொட்டியை அடைத்துத் தண்ணீர் பிடித்து, சட்டியை அதில் இறக்கினேன். மண் தண்ணீர் குடிக்கும் சத்தம் கேட்டது. சின்னச் சின்னக் குமிழிகள் வெகுநேரம் மேலே வந்துகொண்டே இருந்தன.

(தொடரும்)