சட்டையில் பாதி, வாயில் பாதி

குழந்தைக்கு எதிரே ஒரு ஸ்பூன், அதில் கொஞ்சம் உணவு. ஸ்பூனின் பிடி ஒருமுறை வலப்பக்கம் இருக்கும், மறுமுறை இடப்பக்கம். அமெரிக்க உளவியலாளர்கள் மைக்கேல் மெக்கார்ட்டி, ரேச்சல் கிளிஃப்டன் முதலியோர் 1999இல் வெளியிட்ட ஆய்வு இவ்வளவு எளிமையானது. 9 மாதக் குழந்தைகள், பிடி எங்கிருந்தாலும் பழகிய கையையே நீட்டின. அதனால் பல நேரம் உணவிருக்கும் முனையைப் பற்றின, அல்லது பிடியை வாயில் வைத்தன. 14 மாதக் குழந்தைகள் கையில் எடுத்த பிறகு பெரும்பாலும் தவறைத் திருத்திக்கொண்டன. 19 மாதக் குழந்தைகளோ பிடி எந்தப் பக்கம் என்று பார்த்து, அதற்கேற்ற கையை முதலிலேயே நீட்டின.

பத்தே மாதத்தில் இவ்வளவு தூரம்.

ஆனாலும் சிந்தும். ஸ்பூனால் அள்ள வேண்டும், கவிழாமல் தூக்க வேண்டும், வாயருகே மணிக்கட்டைத் திருப்ப வேண்டும். மணிக்கட்டு வசப்படும்வரை குழந்தை தோளாலும் முழங்கையாலும்தான் தூக்குகிறது; வாயை எட்டுமுன் ஸ்பூன் சாய்ந்துவிடுகிறது. "பாதி வயிறுகூட நிறையலை, குடு, நான் ஊட்டுறேன்" என்று பாட்டி கிண்ணத்தை வாங்குவது இந்த இடத்தில்தான். அன்பில்தான் வாங்குகிறார். ஆனால் குழந்தைக்கு அன்றைய பயிற்சி அத்தோடு முடிந்துபோகிறது. கூடவே செல்போனும் வந்துவிட்டால் இன்னும் மோசம்: கண் திரையில் இருக்க, வாய் தானாகத் திறக்கும், என்ன சாப்பிடுகிறோம், வயிறு நிறைந்ததா என்பது எதுவும் குழந்தையின் கவனத்துக்கு வராது.

ஸ்பூனுக்கு முன்னால் விரல்கள். ஆறு மாதம் முடிந்ததும் தாய்ப்பாலோடு இணை உணவு தொடங்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒன்பது மாத வாக்கில் கட்டைவிரலாலும் சுட்டுவிரலாலும் சின்னப் பொருளைக் கிள்ளி எடுக்க வரும். இட்லித் துண்டு, வேகவைத்த பரங்கிக்காய், கனிந்த வாழைப்பழம் ஆகியவை அப்போதைக்கு ஏற்றவை. வேர்க்கடலை, முழுத் திராட்சை, பச்சைக் கேரட் துண்டு வேண்டவே வேண்டாம், தொண்டையில் அடைக்கும். நிமிர்ந்து உட்கார்ந்துதான் சாப்பிட வேண்டும், பக்கத்தில் ஒரு பெரியவர் இருந்தே ஆக வேண்டும்.

சோற்றை அளைவதும் தமிழுக்குப் புதிதல்ல. நெய்ச்சோற்றைத் தொட்டு, துழாவி, உடம்பெல்லாம் பூசிக்கொள்ளும் குழந்தையைப் புறநானூற்றின் 188ஆம் பாடலில் பாண்டியன் அறிவுடைநம்பி வைத்திருக்கிறான். அந்தச் சிந்தலை அவன் குறையாகச் சொல்லவில்லை. அப்படியொரு குழந்தை இல்லாத வாழ்க்கையையே பயனற்றது என்கிறான்.

அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2022இல் திருத்திய வளர்ச்சிப் பட்டியலின்படி, 18 மாதத்தில் குழந்தை ஸ்பூனைப் பயன்படுத்த முயலும். 2 வயதில் ஸ்பூனால் சாப்பிடும். முள்கரண்டி 3 வயதில். இவை பெரும்பாலான குழந்தைகள் எட்டும் வயதுகள். முயற்சி ஒரு வயது நிறையும் முன்பே ஆரம்பிக்கலாம்.

எந்த உணவில் ஆரம்பிப்பது என்பதில் பாதி வெற்றி இருக்கிறது. ரசம் சாதம் முதல் பாடமாகாது, வழிந்து ஓடிவிடும். கெட்டித் தயிர் விட்டுக் குழையப் பிசைந்த சாதம், வெண்பொங்கல், கேழ்வரகுக் கூழைச் சற்று இறுக்கிக் கிண்டியது இவையெல்லாம் ஸ்பூனில் ஒட்டிக்கொள்ளும், சாய்ந்தாலும் விழாது. ஸ்பூன் குட்டையாக, பிடி தடிமனாக இருக்கட்டும். கிண்ணம் கனமாக, விளிம்பு நிமிர்ந்து இருந்தால் உணவை ஓரத்தில் அணைத்து அள்ளலாம். கீழே பழைய செய்தித்தாளை விரித்துவிட்டால் அம்மாவின் மனமும் கொஞ்சம் இளகும்.

இரண்டு ஸ்பூன் வைத்துக்கொள்வது நல்ல வழி. ஒன்று குழந்தையின் கையில், மற்றது அம்மாவிடம். பசி அதிகமிருக்கும் முதல் சில வாய்களைக் குழந்தையே முயலட்டும். சோர்ந்து சிணுங்கும்போது அம்மாவின் ஸ்பூன் உதவிக்கு வரலாம். அமெரிக்க மருத்துவர் கிளாரா டேவிஸ் 15 குழந்தைகளைத் தாமே உணவைத் தேர்ந்து உண்ணவிட்டு ஆராய்ந்தார். முடிவுகளை 1939இல் வெளியிட்டார். அந்த ஆய்வில் தாதியருக்கு இட்ட கட்டளை, ஸ்பூனோடு சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும் என்பதே. குழந்தை ஓர் உணவை நோக்கிக் கை நீட்டினால் மட்டும் அதை எடுத்துக் கொடுக்கலாம். எப்படிச் சாப்பிட்டாலும் திருத்தக் கூடாது.

வயிறு நிறைந்ததும் குழந்தை தலையைத் திருப்பும், ஸ்பூனைத் தட்டிவிடும், சோற்றில் கோலம் போடும். அப்போது கிண்ணத்தை எடுத்துவிடலாம். மிச்சத்தை ஊட்டியே தீர வேண்டியதில்லை. இரண்டு, மூன்று மணி நேரத்தில் மறுபடி பசிக்கும்.