தேவை: போனவர் மாதிரியே ஒருவர்!

பி.காம். முடித்துவிட்டு நான் முதன்முதலில் வேலைக்குச் சேர்ந்த கம்பெனியில், ஒரு மார்ச் மாதம் (கணக்கு முடிக்கிற மார்ச்!) அக்கவுண்ட்ஸ் சீனியர்கள் மூன்று பேர் ஒரே வாரத்தில் ராஜினாமா கொடுத்தார்கள். பெரிய கம்பெனி, இரண்டு மடங்கு சம்பளம், கேன்டீனில்கூட ஏ.ஸி. யார்தான் போக மாட்டார்கள்?

எங்கள் மானேஜர் அன்றைக்கே விளம்பரம் எழுத உட்கார்ந்தார். மூவரில் மூத்தவரை மனதில் வைத்து, "15 வருட அனுபவம், டாலி, இந்தி, சேல்ஸ் டாக்ஸ் ஆபீஸில் பழக்கம், சம்பளம் எங்கள் சக்திக்கேற்ப" என்று அடுக்கிக்கொண்டே போனார். 'அப்படி ஒருத்தர் இருந்தா அவர் எதுக்கு ஸார் இங்கே வரணும்?' என்று கேட்க வாய் வரை வந்துவிட்டது. கேட்கவில்லை. ப்ரொபேஷனில் இருந்தேன்.

ஆறு மாதம் அந்த நாற்காலி காலியாகவே இருந்தது. அதன் முதுகில் மூத்தவர் விட்டுப்போன துண்டுகூட அப்படியே இருந்தது. அவருடைய வேலை மட்டும் நடந்து வந்து என் மேஜையில் உட்கார்ந்துகொண்டது. என் சம்பளம் நகரவே இல்லை.

அப்போது எனக்குப் பில்லி பீன் என்கிற அமெரிக்கரைத் தெரியாது. தெரிந்திருந்தால் மானேஜரிடம் தைரியமாகவே பேசியிருப்பேன். பிற்பாடு, கலிஃபோர்னியாவில் இருக்கும் என் மச்சினன்தான் அவரைப் பற்றிச் சொன்னான். "அத்தான், உங்க ஆபீஸ் கதை இங்கே ஒரு பேஸ்பால் டீமுக்கு நடந்திருக்கு. ஆனா, அவங்க மானேஜர் விளம்பரம் கொடுக்கலை!"

பேஸ்பால் பற்றி நம்மில் பலருக்குத் தெரிந்தது அந்தத் தொப்பி மட்டும்தான். எனவே ஒரு பாரா பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு டீமுக்கு 9 இன்னிங்ஸ். இன்னிங்ஸுக்கு 3 அவுட். ஆக மொத்தம் 27 அவுட்தான் கையில் இருக்கிற மூலதனம். அது தீருவதற்குள் எத்தனை பேர் ஒவ்வொரு பேஸாக ஓடிச் சுற்றி வருகிறார்களோ அத்தனை ரன். பந்து வீசுகிறவர் தப்பான பந்தாக நாலு போட்டால், மட்டையாளர் ஜம்மென்று முதல் பேஸுக்கு நடந்தே போகலாம். நம்ம ஊர் வைட் மாதிரி. இதைப் பார்த்து எந்த ரசிகனும் விசில் அடிக்க மாட்டான். அதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கதையே அங்கேதான் இருக்கிறது.

* * *

ஓக்லண்ட் அத்லெடிக்ஸ். சுருக்கமாக 'ஏஸ்'. 2001-ல் 162 மேட்ச்சில் 102 ஜெயித்தார்கள். ப்ளே-ஆஃப் முதல் சுற்றில் நியூயார்க் யாங்கீஸைச் சந்தித்து, முதல் 2 மேட்ச்சை ஜெயித்து, அடுத்த 3 மேட்ச்சையும் தோற்று, பெட்டியைக் கட்டினார்கள்.

அடுத்து வந்தது ஆஃப்-சீஸன். ஆட்டம் இல்லாத, ஆனால் ஆள் பிடிக்கிற குளிர்காலம். நவம்பரிலிருந்து பிப்ரவரி நடுவில் பயிற்சி ஆரம்பிக்கிற வரை. இந்த மூன்றரை மாதத்தில் ஓக்லண்டின் மூன்று பெரிய தலைகள் போயின. நட்சத்திர மட்டையாளர் ஜேஸன் ஜியாம்பியை யாங்கீஸ் 7 வருஷத்துக்கு 12 கோடி டாலர் கொடுத்துத் தூக்கியது. ஜானி டேமனை பாஸ்டன் ரெட் சாக்ஸ் 3.1 கோடிக்கும், கடைசி இன்னிங்ஸில் வந்து ஆட்டத்தை முடித்துவைக்கும் பந்து வீச்சாளர் இஸ்ரிங்ஹாஸனை செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் 2.7 கோடிக்கும் கொத்திக்கொண்டு போயின.

ஓக்லண்டின் நிலைமை? மொத்த டீமுக்கும் சேர்த்து வருஷச் சம்பளம் சுமார் 4 கோடி டாலர். யாங்கீஸ் கொடுப்பதோ சுமார் 12.5 கோடி. ஜியாம்பியைத் தக்க வைத்துக்கொண்டால் சம்பளத்தில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் ஒரே ஆளுக்குப் போய்விடும். மிச்சம் 24 பேருக்கு டீயும் பன்னும்தான்.

ஜெனரல் மானேஜர் பில்லி பீனுக்கு ஒரு சொந்தக் கதை உண்டு. 1980-ல், பள்ளிக்கூடம் முடித்த கையோடு, நியூயார்க் மெட்ஸ் அவரை முதல் சுற்றிலேயே தேர்ந்தெடுத்து 1,25,000 டாலர் கொடுத்தது. ஆள் பார்க்க ராஜா மாதிரி இருப்பார். உயரம், வேகம், உடம்பு எல்லாம் இருந்தது. ஸ்டான்ஃபோர்ட் படிப்பை விட்டுவிட்டு மைதானத்துக்குப் போனார். ஆட்டம்தான் வரவில்லை. பத்து வருஷம் தட்டுத் தடுமாறி, 1990-ல் ஓக்லண்ட் ஆபீஸுக்குள் நடந்து போய், "ஆடியது போதும், ஆட்களைப் பார்த்துச் சொல்கிற வேலை கொடுங்கள்" என்று கேட்டவர். தோற்றத்தைப் பார்த்து விலை போடுவது எவ்வளவு பெரிய நஷ்டம் என்பது அவருக்குப் புள்ளிவிவரம் பார்த்துத் தெரிந்த விஷயமில்லை. அந்த நஷ்டமே அவர்தான்!

* * *

பீனும், ஹார்வர்டில் பொருளாதாரம் படித்த அவருடைய உதவியாளர் பால் டிபொடெஸ்டாவும், 'அடுத்த ஜியாம்பி எங்கே?' என்று தேடவே இல்லை. 'ஜியாம்பி நமக்கு என்ன செய்துகொண்டிருந்தார்?' என்றுதான் கேட்டார்கள்.

கணக்கைப் பாருங்கள், எட்டாம் வகுப்பு சராசரிதான். 2001-ல் ஜியாம்பி 100 தடவை மட்டை பிடித்தால் சுமார் 48 தடவை எப்படியாவது பேஸுக்குப் போய்ச் சேர்ந்தார். டேமன் 32. மாற்ற வேண்டியிருந்த இன்னொரு மட்டையாளர் 29. மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்தால் 36 சொச்சம்.

உலகத்தில் 48 எடுக்கிற ஆளை வாங்க ஓக்லண்டிடம் காசு இல்லை. ஆனால், ஆளுக்கு 36 எடுக்கிற மூன்று பேரை வாங்க முடியும். ஏனென்றால், அன்றைய சந்தை சிக்ஸர் மாதிரி அடிக்கிறவனுக்கும், கால் வேகத்துக்கும், உடற்கட்டுக்கும் கொட்டிக் கொடுத்தது. பொறுமையாக நின்று தப்பான பந்தை விட்டுவிட்டு நடந்து போகிறவனை யாரும் சீந்தவில்லை. யாரும் கேட்காத சரக்குதானே மலிவாகக் கிடைக்கும்?

(இந்த ஞானம் பீனுக்கு ஆகாயத்திலிருந்து விழவில்லை. அவருக்கு முன்னால் ஜெனரல் மானேஜராக இருந்த ஸாண்டி ஆல்டர்ஸன் ஆரம்பித்து வைத்தது. அதற்கும் முன்னால் பில் ஜேம்ஸ் என்று ஒருவர். கான்ஸாஸில் ஒரு பீன்ஸ் டப்பா ஃபாக்டரியில் ராத்திரிக் காவல் வேலை பார்த்துக்கொண்டே பேஸ்பால் கணக்குகளை அலசி, 1977-ல் தானே அச்சடித்து விற்றார். நைட் ட்யூட்டி நண்பர்கள் கவனிக்க!)

அப்படி வாங்கியவர்களில் ஒருவர் ஸ்காட் ஹாட்டெபர்க். பாஸ்டனில் விக்கெட் கீப்பர் மாதிரி பின்னால் உட்கார்ந்து பந்து பிடிக்கும் காச்சர். முழங்கை நரம்பு கெட்டு ஆபரேஷன் ஆகி, பந்தை ஒழுங்காக எறிய முடியாமல் போனவர். 'காச்சர் எறிய முடியாவிட்டால் எதற்கு?' என்று மற்ற டீம்கள் கை கழுவின. ஓக்லண்ட், 'எறிய வேண்டாம், முதல் பேஸில் நில்லுங்கள்' என்றது. அதுவரை அவர் அந்த இடத்தில் ஆடியவரே இல்லை! வீட்டுக்குப் பக்கத்து டென்னிஸ் கோர்ட்டில் மனைவி பந்தை அடித்துக் கொடுக்க, மனுஷர் பிடித்துப் பழகினார். பிறகு ரான் வாஷிங்டன் என்ற கோச் உட்கார வைத்து, நிற்க வைத்துச் சொல்லிக்கொடுத்தார்.

இன்னொருவர் டேவிட் ஜஸ்டிஸ். 36 வயதை எட்டிக்கொண்டிருந்த பழைய நட்சத்திரம். 'கிழம்' என்றது சந்தை. ஆனால் வயதானால் குறைவது கால் வேகம். பந்தைப் பார்த்து விடுகிற கண் அவ்வளவு சீக்கிரம் குறையாது. அவருடைய சம்பளத்தில் ஒரு பகுதியை அனுப்பி வைத்த டீமே கட்டும்படி பேரம் முடித்தார்கள். நம்ம ரங்கநாதன் தெருவில்கூட இப்படி நடக்காது! மூன்றாவது ஆளாக ஜியாம்பியின் தம்பி ஜெரமி. ஏற்கெனவே ஓக்லண்டில் இருந்தவர்தான்.

இஸ்ரிங்ஹாஸன் இடத்துக்கு டொராண்டோவிலிருந்து பில்லி காச் வந்தார். 44 மேட்ச்சை முடித்துக் கொடுத்தார். சீஸன் முடிந்ததும், பெயர் உச்சியில் இருக்கும்போதே அவரைச் சிகாகோவுக்குத் தள்ளிவிட்டார் பீன். வாங்கும்போது ஒரு விலை, பளபளப்பு ஏறியதும் வேறு விலை. பி.காம். படித்தவனுக்குக் கண்ணில் தண்ணீர் வருகிறது.

போனவர்களும் சும்மா போகவில்லை. பெரிய ஆளை இழந்த டீமுக்கு ஈடாக, இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் அடுத்த ஜூன் பந்தியில் கூடுதல் இலை போடுவது அன்றைய விதி. 2002-ல் முதல் 39 பேரில் 7 பேரை ஓக்லண்டே எடுத்தது. அதில் நிக் ஸ்விஷர் மாதிரி சிலர் நன்றாக வந்தார்கள், சிலர் வரவில்லை. வரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும் இல்லையா?

* * *

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்தக் கதை 2003-ல் புத்தகமாகி, 2011-ல் பிராட் பிட் நடித்து சினிமாவாகவும் வந்தது. அதில் அழுத்திச் சொல்லப்படாத விஷயம், ஓக்லண்டிடம் ஏற்கெனவே வீட்டிலேயே வளர்ந்த தங்கங்கள் இருந்தன என்பது. ஹட்ஸன், மல்டர், ஸிட்டோ என்று மூன்று பந்து வீச்சாளர்கள். மிகெல் டெஹாடா என்று ஒரு ஷார்ட்-ஸ்டாப். 2002-ல் அந்த லீகின் சிறந்த பந்து வீச்சாளர் விருது ஸிட்டோவுக்கு. மிகச் சிறந்த வீரர் விருது டெஹாடாவுக்கு.

இவர்களை எப்படிக் கட்டுப்படியாக வைத்துக்கொண்டார்கள்? விதி அப்படி. பெரிய லீகுக்கு வந்த வீரன் 6 வருஷ சர்வீஸ் முடிக்கிற வரை தன் இஷ்டத்துக்கு வேறு டீமுக்குப் போக முடியாது. முதல் சில வருஷம் சந்தை விலையில் ஒரு துளிதான் சம்பளம். ஆக, ஆஃப்-சீஸனில் புத்திசாலி மானேஜர் முதலில் பார்ப்பது கடைவீதியை அல்ல, தன் வீட்டு அலமாரியை. யாருக்கு இன்னும் எத்தனை வருஷம் பாக்கி, யார் கையில் என்ன வேலை இருக்கிறது என்று எழுதிவிட்டு, ஓட்டை எங்கேயோ அங்கே மட்டும்தான் செலவு.

சரி, ரிசல்ட்? மே மாதம் வரை கேவலம். வெற்றியைவிடத் தோல்வி அதிகம். தம்பி ஜியாம்பி வேறு டீமுக்கு அனுப்பப்பட்டார். 'நான் அப்பவே சொன்னேன்' கோஷ்டி வாயைத் திறந்தது. ஆனால் ஆகஸ்ட் 13 முதல் ஒரு மேட்ச்கூடத் தோற்காமல் 19 வெற்றி. 2002 செப்டம்பர் 4, இருபதாவது மேட்ச். 55 ஆயிரம் பேருக்கு மேல் கூட்டம். ஓக்லண்ட் 11-0 என்று முன்னிலை. அங்கிருந்து சொதப்பி 11-11! ஒன்பதாவது இன்னிங்ஸில் மட்டையோடு அனுப்பப்பட்டவர் யார் தெரியுமா? அந்த நரம்பு கெட்ட ஹாட்டெபர்க். அடித்தார் ஹோம் ரன். 12-11.

அந்த வருஷம் ஓக்லண்டுக்கு 103 வெற்றி. மும்மடங்கு செலவழித்த யாங்கீஸுக்கும் அதே 103.

கப்? அதுதான் இல்லை. மின்னஸோட்டாவிடம் முதல் சுற்றிலேயே 3-2. 2000 முதல் 2003 வரை நாலு வருஷமும் முதல் சுற்றில், ஐந்தாவது மேட்ச்சில், அதே தோல்வி. 162 மேட்ச்சில் கணக்கு ஜெயிக்கும். 5 மேட்ச்சில் அதிர்ஷ்டமும் கூட உட்கார்ந்து சாப்பிடும். அதற்காகக் கணக்குப் போடாமல் இருக்க முடியுமா?

ரகசியமும் நிலைக்கவில்லை. பாஸ்டன் அதே வருஷம் பில் ஜேம்ஸை வேலைக்கு எடுத்தது. பீனுக்கே 5 வருஷத்துக்கு 1.25 கோடி டாலர் நீட்டியது. மனுஷர் ஒத்துக்கொண்டு, பிறகு வேண்டாமென்று விட்டார். பணத்துக்காக ஒரு முடிவு எடுத்துப் பட்டது போதும் என்று. 2004-ல் பாஸ்டன் 86 வருஷ தாகம் தீரக் கப் வாங்கியது. பொறுமைக்காரர்களின் விலையும் ஏறிவிட்டது. போன வருஷ மலிவுச் சரக்கு இந்த வருஷம் மலிவில்லை. ஒவ்வொரு குளிர்காலமும் புதுசாகத் தேட வேண்டும்.

கடைசியில் டீமே ஊரை விட்டுப் போயிற்று. 2024 செப்டம்பர் 26 அன்று, 57 சீஸன் ஆடிய ஓக்லண்ட் மைதானத்தில் கடைசி மேட்ச். டெக்ஸஸை 3-2 என்று ஜெயித்துவிட்டு விடைபெற்றார்கள். 2025 முதல் ஸாக்ரமென்டோ. பிறகு லாஸ் வேகஸ் என்று திட்டம். மச்சினன் போனில் சொன்னான்: "அத்தான், பெரியவங்க எல்லாம் அழறாங்க. ஆள் போனா வேற ஆள் பார்த்துக்கலாம். டீமே போனா யாரைப் பார்க்கறது?" என்னிடம் பதில் இல்லை. முதலாளி இடத்தை மாற்றுவதற்கு எந்த மானேஜர் கணக்குப் போட்டு ஈடு கட்ட முடியும்?

* * *

அந்தக் காலி நாற்காலிக்கு வருகிறேன். போன சீனியர் அப்படி என்னதான் செய்துகொண்டிருந்தார் என்று ரொம்ப நாள் கழித்து யோசித்துப் பார்த்தேன். இந்தியும் இல்லை, டாலியும் இல்லை. திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்கு டீ வருவதற்குள், பாக்கி வைத்திருக்கும் 20 பார்ட்டிகளுக்கு வரிசையாகப் போன் போட்டு, "என்னண்ணே, சௌக்கியமா? நம்ம செக் என்னாச்சு?" என்று சிரித்துக்கொண்டே கேட்பார். அவ்வளவுதான். பணம் வந்துகொண்டிருந்தது.

டெஸ்பாட்ச் மூலையில் எங்களுக்கு ஒரு அண்ணன் இருந்தார். பத்தாவது ஃபெயில். ஊரில் உள்ள அத்தனை பார்ட்டியையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவார், அவர்களும் இவரைக் கூப்பிடுவார்கள். அந்த 20 போனை அவரிடம் கொடுத்திருக்கலாம். யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான். ஆறாவது மாதம் பாக்கி மலையாகி, எங்கள் சம்பளமே 18-ம் தேதிக்குத் தள்ளிப்போனபோது, நானும் ராஜினாமா கொடுத்தேன்.

மானேஜர் உடனே பேப்பரை எடுத்தார்.