நகர எல்லையைத் தாண்டும் நடுத்தர வர்க்கம்: சித்தூரும் திருப்பதியும் உணர்த்துவது என்ன?

திருப்பதி: ஆந்திரப் பிரதேசத்தில் மாவட்டங்களின் எண்ணிக்கை 2022-ஆம் ஆண்டு ஏப்ரல் 4-ஆம் தேதி 13-லிருந்து 26-ஆக உயர்த்தப்பட்டது. அப்போது, 1911-இல் உருவான சித்தூர் மாவட்டம் பிரிக்கப்பட்டு, திருப்பதி தனி மாவட்டத்தின் தலைநகரானது. மதனப்பள்ளி பகுதி அன்னமய்யா மாவட்டத்துடன் சேர்க்கப்பட்டது. வரைபடத்தில் அன்று நிகழ்ந்த இந்தப் பிரிவு, பொருளாதார வாழ்வில் அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது. வேலை, உயர்கல்வி, சிறப்பு மருத்துவம் ஆகியவை சித்தூரைவிடத் திருப்பதியில் குவிந்தன. திருப்பதியிலோ, புதிய குடியிருப்புகள் மாநகராட்சி எல்லையைத் தாண்டி ஊராட்சிகளில் எழுந்தன. நடுத்தர வர்க்கம் இடம்பெயரும்போது ஒரு நகரம் எதை இழக்கிறது என்பதை இவ்விரு நகரங்களும் காட்டுகின்றன.

உலக அளவில் என்ன நடந்தது?

இந்தப் போக்கு முதலில் விரிவாக ஆராயப்பட்ட நாடு அமெரிக்கா. அங்குள்ள பியூ ஆய்வு மையம், நாட்டின் இடைநிலை வருமானத்தில் மூன்றில் இரண்டு பங்கு முதல் இரு மடங்கு வரை ஈட்டுவோரை நடுத்தர வருமானப் பிரிவினர் என வரையறுக்கிறது. 2000 முதல் 2014 வரையிலான காலத்தில், ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்பட்ட 229 பெருநகரப் பகுதிகளில் 203-இல் இப்பிரிவினரின் பங்கு குறைந்ததாக அந்த மையம் 2016-இல் தெரிவித்தது.

மோட்டார் வாகனத் தொழிலுக்குப் பெயர்பெற்ற டெட்ராய்ட் நகரம் இதற்குக் கடுமையான எடுத்துக்காட்டு. 1950-இல் சுமார் 18.5 லட்சமாக இருந்த அதன் மக்கள்தொகை, 2020-இல் சுமார் 6.4 லட்சமாகச் சுருங்கியது. வசதி படைத்த குடும்பங்கள் அருகிலுள்ள புறநகர்களுக்குச் சென்றன. அவற்றின் வரியும் உடன் சென்றது. சாலை, குடிநீர், ஓய்வூதியம் ஆகியவற்றின் செலவு மட்டும் நகரத்திடமே தங்கியது. 2013 ஜூலையில் டெட்ராய்ட் நிர்வாகம் திவால் மனு தாக்கல் செய்தது.

சித்தூர் எதை இழந்தது?

சித்தூருக்கு அத்தகைய வீழ்ச்சி நேரவில்லை. அதன் இழப்பு மெதுவானது. ஒருகாலத்தில் வட ஆர்க்காடு மாவட்டத்தின் தலைமையிடமாக விளங்கிய ஊர் இது. ஆட்சியர் அலுவலகம், நீதிமன்றங்கள், அவற்றைச் சார்ந்த வழக்கறிஞர்கள், எழுத்தர்கள், வணிகர்கள் ஆகியோரே இங்குள்ள நடுத்தர வர்க்கத்தின் முதுகெலும்பு. 1960-இல் திருத்தணி பகுதி அன்றைய சென்னை மாநிலத்துக்கு மாற்றப்பட்டது. 2022-இல் திருப்பதியும் பிரிந்தது. ஒவ்வொரு முறையும் சித்தூரின் அலுவலகங்களை நாடி வரும் மக்களின் பரப்பு சுருங்கியது.

தொழில்துறையிலும் பின்னடைவு நேர்ந்தது. மாவட்டப் பால் உற்பத்தியாளர்களின் நம்பிக்கையாக இருந்த கூட்டுறவுப் பால் பண்ணை 2002-இல் மூடப்பட்டது. 182 கோடி ரூபாய் நிலுவைகள் தீர்க்கப்பட்ட பின்னர், அமுல் நிறுவனம் மூலம் அதைப் புதுப்பிக்கும் பணிக்கு 2023 ஜூலையில் அடிக்கல் நாட்டப்பட்டது. கூட்டுறவுச் சர்க்கரை ஆலையும் இயக்கத்தை நிறுத்தியது. இத்தகைய ஆலை மூடப்படும்போது தொழிலாளர்களோடு பாதிப்பு நிற்பதில்லை. மாதச் சம்பளத்தை நம்பிக் கடன் கொடுத்த மளிகைக் கடை, வாடகை வீடு, தனியார் பள்ளி என ஒவ்வொன்றாக அது பரவுகிறது.

எஞ்சியிருப்பது பெரும்பாலும் வேளாண்மை சார்ந்த வருமானம். மாம்பழக்கூழ் ஆலைகள் நிறைந்த இப்பகுதியில், 2025 கோடையில் தோத்தாபுரி மாம்பழத்தின் விலை சரிந்ததால், கிலோவுக்கு 4 ரூபாய் வீதம் மாநில அரசு உதவித்தொகை வழங்க நேர்ந்தது. ஒரு பருவத்தின் விலையை நம்பி, பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்தையோ வீட்டுக் கடன் தவணையையோ திட்டமிடுவது எளிதல்ல.

திருப்பதிக்கு என்ன கிடைத்தது?

ஏறக்குறைய 70 கிலோமீட்டர் தொலைவிலுள்ள திருப்பதியில் நிலைமை வேறு. 1954-இல் தொடங்கப்பட்ட ஸ்ரீ வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகத்தைத் தொடர்ந்து மகளிர் பல்கலைக்கழகம், சிறப்பு மருத்துவமனை ஆகியவை அமைந்தன. 2015-இல் ஐஐடி, இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனம் ஆகிய மத்திய நிறுவனங்களும் வந்தன. கரகம்பாடியில் அமர ராஜா நிறுவனத்தின் பேட்டரி ஆலை இயங்குகிறது. பன்னாட்டு நிறுவனங்களின் ஆலைகளைக் கொண்ட ஸ்ரீசிட்டி தொழில் நகரமும் 2022 பிரிவினையில் திருப்பதி மாவட்டத்துக்கே சென்றது.

திருப்பதிக்குள்ளும் ஒரு கோடு

இவ்வளவு வளர்ச்சியின் பயனும் திருப்பதி மாநகராட்சிக்குக் கிடைக்கிறதா என்றால், இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மாநகராட்சிப் பகுதியில் வசித்தோர் சுமார் 2.87 லட்சம் பேர். சுற்றுப்புறங்களைச் சேர்த்த நகரத் தொகுப்பில் வசித்தோர் சுமார் 4.6 லட்சம் பேர். அதாவது, நகர வாழ்க்கை வாழ்வோரில் மூவரில் ஒருவருக்கு மேல் மாநகராட்சிக்கு வெளியே இருந்தனர். அவிலாலா, திருச்சானூர், மங்கலம், பேரூர் போன்ற பகுதிகள் அத்தொகுப்பில் இடம்பெற்றவை.

மாநகராட்சியின் பரப்பு ஏறக்குறைய 30 சதுர கிலோமீட்டர் மட்டுமே. ஒருபுறம் மலை, மறுபுறம் விலை உயர்ந்த மனைகள். சேமிப்பைக் கொண்டு சொந்த வீடு கட்ட விரும்பும் ஆசிரியருக்கோ வங்கி ஊழியருக்கோ ஊராட்சிப் பகுதியே கட்டுப்படியாகிறது. ஊராட்சிகளில் வீட்டு வரியும் பொதுவாகக் குறைவு. ஆந்திர நகர்ப்புறங்களிலோ, 2021 முதல் சொத்தின் மூலதன மதிப்பை அடிப்படையாகக் கொண்டு வரி கணக்கிடப்படுகிறது.

யாத்திரிகர் சுமையை ஏற்பது யார்?

திருமலைக்கு நாள்தோறும் பல்லாயிரக்கணக்கான பக்தர்கள் வருகின்றனர். அவர்களில் பெரும்பாலோர் திருப்பதி நகரத்தின் வழியே செல்வதால் சாலை, குடிநீர், துப்புரவு ஆகிய செலவுகள் நகரத்தின் மீது விழுகின்றன. திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் 2025-26 வரவு செலவுத் திட்டம் சுமார் 5,258 கோடி ரூபாய். அதில் நகரத்துக்குப் பங்கு உண்டா என்பது நீண்டகாலக் கேள்வி.

2023 செப்டம்பரில் திறக்கப்பட்ட ஸ்ரீநிவாச சேது மேம்பாலத்துக்குத் தேவஸ்தானம் பெரும் பங்கு நிதி அளித்தது. அதே ஆண்டு அக்டோபரில், ஆண்டு நிதியில் 1 சதவீதத்தை நகர வளர்ச்சிக்கு ஒதுக்க அறங்காவலர் குழு தீர்மானித்தது. பக்தர்களின் காணிக்கையை நகரப் பணிகளுக்குச் செலவிடலாமா என்ற எதிர்ப்பு எழுந்த நிலையில், மாநில அரசு அதை ஏற்கவில்லை. பக்தர் எழுப்பும் கேள்வி நியாயமானது. எனினும், அந்தப் பக்தர் நடந்து செல்லும் தெருவைக் கூட்டும் செலவை, அங்கு வாடகைக்கு வசிக்கும் குடும்பங்களும் சிறு கடைக்காரர்களும் ஏற்க வேண்டியிருக்கிறது என்பதும் உண்மை.

எல்லையை விரித்தால் தீருமா?

சுற்றியுள்ள ஊராட்சிகளை இணைத்து மாநகராட்சியை விரிவாக்க வேண்டும் என்பது திருப்பதியில் முன்வைக்கப்படும் தீர்வு. தமிழ்நாட்டில் இதற்கு முன்னுதாரணம் உண்டு. 2011-இல் 42 உள்ளாட்சி அமைப்புகள் இணைக்கப்பட்டு, சென்னை மாநகராட்சியின் பரப்பு 174-லிருந்து 426 சதுர கிலோமீட்டராக உயர்ந்தது. வரி வாய்ப்பு பெருகியது. ஆனால், இணைக்கப்பட்ட பகுதிகள் பலவற்றில் பாதாளச் சாக்கடைக்காக மக்கள் நெடுங்காலம் காத்திருக்க நேர்ந்தது. வரியை உயர்த்திவிட்டு வசதியைத் தாமதித்தால், குடும்பங்கள் புதிய எல்லையையும் தாண்டிச் செல்லும்.

சித்தூருக்கோ எல்லை விரிவாக்கம் மருந்தாகாது. அங்கு தேவைப்படுவது, பட்டம் பெற்ற இளைஞர் வெளியூர் செல்லாமலேயே மாதச் சம்பளம் பெறக்கூடிய வேலை.

ஏன் இது முக்கியம்?

நடுத்தர வர்க்கக் குடும்பம் வெளியேறும்போது வரியுடன் சேர்ந்து, குடிநீர் வராவிட்டால் மனு கொடுத்து, அரசுப் பள்ளியில் ஆசிரியர் இல்லாவிட்டால் கேள்வி கேட்கும் குரலும் வெளியேறுகிறது. முதியோரும், அன்றாடக் கூலியை நம்பியிருப்போரும், இடம்பெயர வசதியற்றோருமே பின்தங்குகின்றனர்.

இந்தியாவில் நடுத்தர வர்க்கத்துக்கு அதிகாரப்பூர்வ வரையறை கிடையாது. நகரங்கள் இன்றும் 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கைக் கொண்டே அளக்கப்படுகின்றன. அடுத்த கணக்கெடுப்புக்கான அடிப்படைத் தேதி 2027 மார்ச் 1 என அறிவிக்கப்பட்டுள்ளது. சித்தூரில் எத்தனை பேர் தங்கினர், திருப்பதியின் எல்லைக்கு வெளியே எத்தனை பேர் குடியேறினர் என்பதை அதுவே தெளிவாக்கும். நிதியை எந்தப் பகுதிக்கு, எந்த அளவில் ஒதுக்குவது என்ற முடிவும் அந்த எண்களையே சார்ந்திருக்கும்.