வண்டி ஒருவருடையது, சரக்கு ஊருடையது!

1931-ஆம் ஆண்டு அக்டோபர் 21-ந் தேதி.

மன்னார்குடியை அடுத்த மேலவாசலில் இருந்து ஒரு மாட்டு வண்டி புறப்பட்டது. வண்டியில் நெல் மூட்டை இல்லை. வைக்கோல் இல்லை. எருவும் இல்லை.

உள்ளே இருந்தவை புத்தகங்கள்!

பொறியாளர் எஸ்.வி. கனகசபைப் பிள்ளை தொடங்கிய நடமாடும் நூலகம் அது. சீர்காழியில் பிறந்த நூலக மேதை எஸ்.ஆர். ரங்கநாதன் அதற்குத் துணை நின்றார். புத்தகத்தைத் தேடிப் பட்டணம் போக முடியாத கிராமத்து மக்களின் வாசலுக்கே புத்தகம் போயிற்று. இன்றைய திருவாரூர் மாவட்டத்துக்கு அது பெருமை.

வண்டி செய்கிற ஆசாரி, "இதில் நெல்தான் ஏற்ற வேண்டும், வேறு எதையும் ஏற்றக்கூடாது" என்று நிபந்தனை போடுவதில்லை. வண்டி வாங்கியவர் எதை வேண்டுமானாலும் ஏற்றலாம். அதனால்தான் நெல் ஏற்றும் வண்டி, நூலகமாக மாற முடிந்தது.

இந்தச் சின்ன விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஆயிரம் புத்தகங்களைக் கையடக்கமாகச் சுமக்கிற இன்னொரு "வண்டி"யின் கதைக்கு இதுதான் திறவுகோல்.

கண் கூசாத பலகை

மின்புத்தகக் கருவியை நீங்கள் பார்த்திருக்கலாம். பள்ளிக்கூடச் சிலேட்டைவிடச் சிறியது. செல்போன் திரை போலப் பளபளக்காது. அச்சடித்த காகிதம் போலவே இருக்கும்.

காரணம் என்ன? அதன் திரைக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய குமிழிகள் உள்ளன. ஒவ்வொரு குமிழியிலும் கறுப்புத் துகள்களும் வெள்ளைத் துகள்களும் மிதக்கின்றன. மின்சாரம் தொட்டால், ஒரு நிறம் மேலே வரும். மற்றது கீழே போகும். அதுதான் எழுத்து! பக்கத்தைப் புரட்டும்போதுதான் மின்சாரம் அதிகம் செலவாகும். ஒரு தடவை மின்னேற்றினால் பல நாட்களுக்குக் கவலை இல்லை.

எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாம் என்பது இன்னொரு வசதி. கண்ணாடி போட்டும் பொடி எழுத்துத் தெரியாமல் திண்டாடுகிற பாட்டிமார்களுக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்?

அமெரிக்காவின் அமேசான் கம்பெனி, "கிண்டில்" என்ற கருவியை 2007-ஆம் ஆண்டு நவம்பர் 19-ந் தேதி விற்பனைக்கு விட்டது. விலை 399 டாலர். ஐந்தரை மணி நேரத்தில் அத்தனையும் விற்றுத் தீர்ந்தன!

ஆனால், பாட்டிக்கு அதனால் பயன் இல்லை. கருவிக்குத் தமிழ் தெரியாது.

கொம்பு செய்த குறும்பு

"எழுத்தைக் காட்டுவது என்ன பெரிய வித்தையா?" என்று கேட்பீர்கள். வித்தைதான்!

"கொம்பு" என்று எழுதிப் பாருங்கள். முதலில் கொம்பு போடுகிறோம். பிறகு "க". பிறகு கால். மூன்றும் சேர்ந்தால்தான் "கொ".

கம்ப்யூட்டர் இந்த வரிசையில் சேமித்து வைப்பதில்லை. முதலில் "க" என்ற எழுத்து. அதற்குப் பின்னால் "ஒகரம்" என்ற குறி. அவ்வளவுதான். திரையில் காட்டும்போது அந்தக் குறியை இரண்டாகப் பிளந்து, கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் வைக்க வேண்டும். இதைச் செய்வதற்கு என்று மென்பொருள் வேண்டும். மென்பொருள் என்றால் வேறொன்றும் இல்லை. கருவி என்ன செய்ய வேண்டும் என்று வரிவரியாக எழுதிக் கொடுத்த கட்டளைகள்.

அந்தக் கட்டளை இல்லாத கருவியில், கொம்பு இடம் மாறி நிற்கும். எழுத்துருவே இல்லாவிட்டால் வெறும் கட்டம் கட்டமாகத் தெரியும்.

கட்டளையை எழுதத் தெரிந்த தமிழர்கள் இல்லையா? நிறையப் பேர் இருந்தார்கள். மலேசியாவின் முத்து நெடுமாறன், கைத்தொலைபேசியில் தமிழில் செய்தி அனுப்புவதற்கான "செல்லினம்" என்ற மென்பொருளை 2005-ஆம் ஆண்டு பொங்கலின்போதே சிங்கப்பூரில் வெளியிட்டுவிட்டார். போன் செய்த கம்பெனிக்காரர் அல்ல அவர், வெளியாள். வெளியாள் எழுதியதை ஏற்றிக்கொள்ள அந்தப் போன்கள் இடம் கொடுத்தன. கிண்டிலில் அந்த இடம் இல்லை.

திறந்தது கதவு, பாதி மட்டும்!

2010-ஆம் ஆண்டு ஜனவரியில் அமேசான் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. வெளியார் எழுதும் மென்பொருள்களையும் கிண்டிலில் ஏற்றிக்கொள்ளலாம்; அதற்கான சாதனங்களைக் கம்பெனியே கொடுக்கும்; விற்று வரும் பணத்தில், அனுப்பும் செலவு போக, 100-க்கு 70 பங்கு எழுதியவருக்கு!

காலத்தைக் கவனியுங்கள். ஆப்பிள் கம்பெனி தன் ஐபோனுக்கு வெளியார் மென்பொருள் விற்கும் கடையை 2008 ஜூலையில் திறந்து, பெரும் வெற்றி கண்டிருந்தது. அதே ஆப்பிள், புத்தகமும் படிக்கத்தக்க "ஐபேட்" பலகையை அறிவிக்க இன்னும் சில நாட்களே இருந்தன. போட்டி வந்தால் கதவு திறக்கும் என்பதை வியாபாரிகளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

நிபந்தனைகளும் இருந்தன. விளம்பரம் கூடாது. ஆபாசம் கூடாது. வாங்குபவருக்குத் தெரியாமல் அவரைப் பற்றிய விவரங்களைச் சேகரிக்கக் கூடாது. இவை நியாயமானவையே. வீட்டைத் திறந்து வைக்கிறவர், திருடனுக்கும் சேர்த்துத் திறப்பாரா?

ஆனால் இன்னொரு நிபந்தனையும் இருந்தது. வெளியார் எழுதுவது, எல்லாப் புத்தகங்களையும் படிக்க உதவும் பொதுவான "படிப்பான்" மென்பொருளாக இருக்கக் கூடாது!

நமக்கு வேண்டியிருந்தது அதுதானே? தமிழ் எழுத்தைச் சரியாகக் கோத்துக் காட்டும் ஒரு படிப்பான். சொல் விளையாட்டுகள் வந்தன. "ஸ்கிராபிள்" வந்தது. தமிழுக்கு வழி வரவில்லை. சில ஆண்டுகளில் அந்தத் திட்டமும் கைவிடப்பட்டது.

ஆறு அங்குலத் தந்திரம்

தமிழர்கள் சும்மா இருந்தார்களா? இல்லை.

கல்யாணசுந்தரம் முதலானோர் முயற்சியால் 1998 பொங்கலன்று தொடங்கிய "மதுரைத் திட்டம்", உலகெங்கும் உள்ள தொண்டர்களைக் கொண்டு பழைய தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து இலவசமாகக் கொடுத்து வந்தது. 2013-ல் த. சீனிவாசனும் நண்பர்களும் "இலவசத் தமிழ் மின்னூல்கள்" என்ற திட்டத்தைத் தொடங்கினார்கள். எழுத்தாளர்களே மனமுவந்து பொதுவில் கொடுத்த நூல்களை, மின்புத்தகமாக்கி வழங்கும் திட்டம் அது.

கிண்டிலுக்குத் தமிழ் தெரியாதே. அதில் எப்படிப் படிப்பது? அங்கேதான் தந்திரம்!

கருவியின் திரை, மூலைக்கு மூலை ஆறு அங்குலம். அதே அளவுக்குப் புத்தகப் பக்கத்தைச் சுருக்கி, எழுத்துகளை முன்கூட்டியே கோத்து, படம் போல அசையாமல் நிற்கும் "பி.டி.எப்." ஆக்கிவிட்டார்கள். கருவிக்குத் தமிழ் தெரிய வேண்டாம். படத்தைக் காட்டினால் போதும். கொம்பும் காலும் அதனதன் இடத்தில் நின்றன!

குறை இல்லாமல் இல்லை. படத்தில் எழுத்தை மட்டும் தனியாகப் பெரிதாக்க முடியாது. பாட்டியின் கஷ்டம் பாதிதான் தீர்ந்தது.

கம்பெனி தானாகத் தமிழுக்கு வந்தது 2016-ஆம் ஆண்டு டிசம்பரில். இந்தி, தமிழ், மராத்தி, குஜராத்தி, மலையாளம் ஆகிய ஐந்து மொழிப் புத்தகங்கள் ஒரே சமயத்தில் கிண்டிலுக்கு வந்தன. முதல் கருவி விற்பனைக்கு வந்து ஒன்பது ஆண்டுகள் ஆகிவிட்டன! தெலுங்கும் கன்னடமும் வங்காளியும் அன்றைய பட்டியலில் இல்லை. அந்த மொழிப் பாட்டிமார்கள் இன்னும் காத்திருக்க வேண்டியதாயிற்று.

ஊர் கூடி இழுத்த தேர்

திருவாரூர் ஆழித்தேரின் உயரம் 96 அடி. எடை 300 டன் என்பார்கள். ஊர் கூடி வடம் பிடித்தால்தான் அது நகரும். மென்பொருளிலும் அப்படி ஒரு தேர் உண்டு.

"கோரீடர்" என்பது அதன் பெயர். முதலில் கிண்டில் கருவியில் பி.டி.எப். படிப்பதற்காக, கம்பெனிக்குச் சம்பந்தமில்லாத தன்னார்வலர்கள் எழுதியது. இன்று கோபோ, பாக்கெட்புக் கருவிகளிலும் ஆண்ட்ராய்டு போன்களிலும் ஓடுகிறது. காசு கிடையாது. கட்டளை வரிகளை யாரும் பார்க்கலாம், திருத்தலாம்.

அதில் ஒரு வசதி நமக்கு மிகவும் பொருந்தும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய தமிழ்ப் புத்தகங்கள் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து வைக்கப்பட்டுள்ளன. ஆறு அங்குலத் திரையில் அவற்றின் எழுத்து எறும்பாகத் தெரியும். கோரீடர், அந்தப் படத்தைச் சொல் சொல்லாக நறுக்கி, பெரிதாக்கி, திரைக்கு ஏற்ற வரிகளாக மறுபடியும் அடுக்கித் தரும். பாட்டிக்கு நல்ல செய்தி!

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். கோபோ கருவியில் கோரீடரை ஏற்றுவது எளிது. கிண்டிலில் ஏற்ற வேண்டுமானால், கம்பெனி போட்ட பூட்டை உடைக்க வேண்டும். அதற்குப் பிறகு கருவி பழுதானால், கம்பெனி கைவிரித்துவிடலாம். பிள்ளைகள் கேட்டார்கள் என்று அவசரப்பட்டு இறங்க வேண்டாம்.

"மரத்தின்" என்றால் என்ன?

செய்ய வேண்டிய வேலை இன்னும் இருக்கிறது. படிக்கும்போது ஒரு சொல்லுக்குப் பொருள் தெரியவில்லை. விரலால் அழுத்தினால், அகராதி திறந்து பொருள் சொல்லும். ஆங்கிலத்தில் இது சுலபம்.

தமிழில்? "மரத்தின்" என்ற சொல்லை அழுத்துங்கள். அகராதியில் "மரம்" தான் இருக்கும், "மரத்தின்" இருக்காது. "போய்க்கொண்டிருந்தார்களாம்" என்பதை அழுத்தினால் கேட்கவே வேண்டாம்! சொல்லின் வாலை வெட்டி, வேரைக் கண்டுபிடித்த பிறகுதான் அகராதியைப் புரட்ட வேண்டும். இப்படி வால் வெட்டும் புரோகிராம்களைத் தமிழர்கள் சிலர் ஏற்கெனவே எழுதிப் பொதுவில் வைத்திருக்கிறார்கள். அதைப் படிக்கும் கருவியில் கொண்டுபோய்ப் பொருத்த, கம்ப்யூட்டர் படிக்கும் ஒரு மாணவரோ மாணவியோ சில விடுமுறை நாட்களைச் செலவிட்டால் போதும். திருவாரூரிலேயே 2009 முதல் மத்தியப் பல்கலைக்கழகம் நடக்கிறது. மேலவாசல் வண்டி ஓடிய அதே மாவட்டம்தான்!